ஒற்றைக்கால் நீச்சல்காரர்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் நடந்த நீச்சல் போட்டி ஒன்றில் நான் நேரம் குறிப்பவனாக இருந்தேன். சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். அகன்ற தோள்கள், இடது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை. அவரைப் போன்றவர்களுக்கென்று அப்போது தனிப் போட்டி கிடையாது. இரண்டு கால் உள்ளவர்களோடுதான் அவரும் நீந்த வேண்டும்.

குதிக்கும் மேடைக்கு வந்த பிறகும் ஊன்றுகோலை அவர் விடவில்லை.

“குடுங்க, நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

“வேணாம்ணே. போன தடவ இப்படித்தான் ஒருத்தர் வாங்குனாரு. மொத ரவுண்டு ஜெயிச்சு ஏறி வந்தா கம்பையும் காணோம், ஆளையும் காணோம். நான் தவந்து வந்து சேர்றதுக்குள்ள பைனலை முடிச்சுப்புட்டாய்ங்க.”

“நான் அப்படிச் செய்வேனா?”

“அவரும் கையில வாட்ச்தாண்ணே வச்சிருந்தாரு.”

ஊன்றுகோலைத் துண்டால் ஏணிக் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டு, கைகளை ஊன்றித் தண்ணீரில் பாய்ந்தார். கடைசி வரை முதல் ஆளை விடாமல் துரத்தினார்.

கரையேறியவரிடம், “நூலிழையில ரெண்டாவது” என்றேன்.

அவர் மூச்சு வாங்கியபடி ஈரக்கையை நீட்டினார்.

“வாட்சைக் காட்டுங்கண்ணே.”

காட்டினேன். முள்ளைப் பார்த்தார், முதல் ஆளுக்கு நேரம் குறித்தவரின் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தார், பிறகு வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். ஏணியில் கட்டிய துண்டை அவிழ்த்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்னை நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.