ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்

என் மனைவி அன்புக்கரசி எட்டு மாதமாக ஒரு பாலத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்து, தினமும் தோற்றுக்கொண்டிருந்தாள். பாலம் இருந்தது டிவிக்குள், ஒரு வீடியோ கேமில். நானோ நாலு வருஷமாக, அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டும் ஒன்றாக வந்து முட்டின. அதைச் சொல்வதற்கு முன்னால் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு விருப்பம் இல்லாவிட்டாலும்.

அன்னூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா ஐயாசாமியும் அம்மா கருப்பாத்தாளும் தோட்டக் கூலி. பத்தாவது முடித்துச் சில வருஷம் அவர்களோடு வெங்காயம் அறுத்தவள், பத்தொன்பது வயதில் யாரையும் கேட்காமல் பஸ் ஏறி வந்து, சூலூருக்கு வெளியே ஒரு ஸ்டாம்பிங் யூனிட்டில் சேர்ந்தாள். பம்பு மோட்டாருக்குள் அடுக்கி வைக்கிற மெல்லிய இரும்புத் தகடுகளை பிரஸ் மெஷினில் வெட்டி எடுக்கிற இடம் அது. பேர் வேண்டாம். நான் அங்கே டை செட்டர், அதாவது தகட்டை வெட்டும் அச்சை மெஷினில் பொருத்திக் கொடுப்பவன்.

பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று அவள் ஆறு மாதம் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். ஏழாவது மாதம் ஒரு தாழ்ப்பாளையும் திருப்புளியையும் பையில் கொண்டுவந்து, டீ இடைவேளையில் தானே முடுக்க ஆரம்பித்தாள். பிடித்துக் கொடுக்கட்டுமா என்று நான் போய் நின்றேன்.

"நீங்க போயி டீ குடிங்க. நாலு ஸ்குரு தானுங்க" என்றாள்.

அந்த நாலு ஸ்குருவில் விழுந்தவன்தான் நான். அடுத்த வருஷம் கல்யாணம். அவளுக்காக இன்னொருவர் ஒரு வேலையைச் செய்து கொடுத்தால் அவளுக்கு ஆகாது. நன்றி சொல்வாள், முகம் மட்டும் சுண்டிப்போகும்.

எங்கள் பிரஸ்கள் பழையவை. ஒவ்வொன்றிலும் இரண்டு பொத்தான், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே நிற்கிற அச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது, அவ்வளவுதான் விஷயம். இதை யோசித்தவன் நல்லவன். கெடுத்தவர்கள் நாங்கள். வலது பொத்தானை அமுக்கி வைத்து அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இழுத்து ஒட்டிவிட்டால் போதும். இடது கை அமுக்கிக்கொண்டே இருக்கும், வலது கை தகட்டைப் போட்டு எடுத்துக்கொண்டே இருக்கும். வேலை பறக்கும்.

ஒரு நாள் சூப்பர்வைசர் லட்சுமணசாமி ஏழு மெஷினுக்கும் டேப் ஒட்டச் சொன்னார். ஆறுக்கு ஒட்டினேன். ஏழாவது அன்புக்கரசியுடையது.

"இது வேணுமுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் ஒட்டியாச்சு அம்மணி. உன்ற மெஷினுக்கு மட்டும் உட்டா, கட்டுனவளைத் தனியாப் பாக்கறான்னு பேசுவாங்க."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் ஒட்டினேன். நாலு பேர் பேசிவிடுவார்கள் என்பதற்காக என் கையாலேயே ஒட்டினேன். அந்த நாலு பேரின் முகம்கூட இன்றைக்கு எனக்கு நினைவில்லை.

பதினோராவது நாள் வெட்டிய தகடு ஒன்று அச்சில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க வலது கை உள்ளே போனது. இடது கை பழக்கத்தில் பொத்தானை அமுக்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

அவளை வேனில் ஏற்றினார்கள். நான் ஏறவில்லை. "யாராச்சும் பாக்க வந்துருவாங்க கதிரு, மொதல்ல அதையெல்லாம் உரிச்சுப் போடு" என்றார் லட்சுமணசாமி. ஏழு மெஷினிலும் உரித்துக் கக்கூஸ் பக்கத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் இன்னொருவர் பைக்கில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் அதற்குப் பிறகு டேப் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேட்காதவள் காலில் எப்படி விழுவது? தினமும் காலையில், இன்றைக்குக் கேட்பாள் என்று எழுந்திருப்பேன்.

அந்த யூனிட்டை விட்டுவிட்டு ஒரு விசைத்தறிக் கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். வீட்டில் எல்லாவற்றையும் நானே செய்தேன். தலை சீவிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன், ஊக்கு மாட்டிவிட்டேன். அவள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். முதலில் சீப்பு போனது. பிறகு சோற்றுத் தட்டு. ஒன்றரை வருஷத்தில் இடது கையால் கோலம்கூடப் போட்டாள், கொஞ்சம் கோணலாக. நான் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனதில் எனக்குக் கோபம்கூட வந்தது. என்ன மனுஷன் பாருங்கள்.

டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து வலது கையால் தினமும் பிசையச் சொல்லியிருந்தார். அது அவளுக்குச் சலித்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அரங்கசாமியின் மகன் வம்சி, பெங்களூர் வேலைக்குப் புறப்படும்போது தன்னுடைய பழைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். "பந்துக்கு இது பரவால்லீங்க அக்கா. வெரலுக்கும் வேலை, பொழுதும் போகும்" என்றான். உள்ளே ஒரே ஒரு கேம்தான் இருந்தது.

முதலில் எனக்கு எரிச்சல். முப்பத்திரண்டு வயதுப் பொம்பளை சாயங்காலமானால் டிவி முன்னால் உட்கார்ந்து நீலச் சட்டைக்காரன் ஒருவனை ஆட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? பார்த்தீர்களா, அப்போதும் அக்கம்பக்கம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது மெக்கானிக் என்ற முறையில் எனக்கே மரியாதை வந்தது. ஒரு நகரத்தையே கட்டி, கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரனுக்கு ஏதோ விபத்தில் சக்தி வந்துவிடுகிறது. சுவரில் ஓடுவான், பஸ்ஸைத் தூக்குவான், கோபுரத்துக்குக் கோபுரம் தாவுவான். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தூரத்தில் ஒரு உச்சி தெரிந்தால், அங்கே போய் நிற்கலாம். அவள் முதல் இரண்டு மாதம் கதைப் பக்கமே போகவில்லை, சும்மா பறந்தாள். மிக உயரமான கட்டிடத்தில் ஏறி வேண்டுமென்றே குதிப்பாள். கீழே ரோடு பிளக்கும். அவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான், ஒரு விரல் நகம்கூடப் பெயராது. அதற்காகவே குதிப்பாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே விமானப்படை விமானம் போனால் ஜன்னல் கம்பி அதிரும். முன்பெல்லாம் ஓடிப்போய் அண்ணாந்து பார்ப்பாள். கேம் வந்த பிறகு அசையவில்லை. "நாங்களுந்தான் பறக்கறோம், போங்க" என்பாள்.

குறை இல்லாமல் இல்லை. சந்துக்குள் சண்டை வந்தால் பார்வை போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும், ஆளே தெரியாது. தெருவில் நடக்கிற ஜனத்துக்கு மொத்தமே ஐந்தாறு முகம்தான். அடித்து விரட்டிய ரவுடிகள் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி வந்து நிற்பார்கள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. எந்தப் பொத்தான் எந்த வேலைக்கு என்பதை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ள அதில் வழி இல்லை. செய்தவர்கள், விளையாடுகிற எல்லோருக்கும் பத்து விரல் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நகரத்தின் நடுவே ஆறு. அக்கரையில் பாதி நகரம், மேப்பில் இருட்டாகக் கிடக்கும். அங்கே போக வேண்டுமானால், இடிந்து விழுகிற பாலத்தை நீலச் சட்டைக்காரன் அடியில் நின்று தொண்ணூறு நொடி தாங்க வேண்டும். அதற்கு, கையில் பிடித்து ஆட்டுகிற கன்ட்ரோலரின் முன்விளிம்பில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு பொத்தானையும் விடாமல் ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இடது அவளுக்குச் சுலபம். வலது, ஆள்காட்டி விரலுக்கான இடம். அங்கே அவளுக்கு விரல் இல்லை. சுண்டுவிரலை வளைத்துக் கொண்டுபோய் அமுக்குவாள். நாற்பது நொடி, மிஞ்சினால் ஐம்பது. பிறகு நரம்பு சுண்டி இழுக்கும், விரல் நழுவும். பாலம் சரியும், மேலே இருந்த ஜனம் ஆற்றில் கொட்டும். கடைசி ஆள் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். ஆரம்பிக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷக் கதைப்படம் ஓடும். அதைத் தள்ளிவிடவும் முடியாது. என்ன கெரகமோ!

"நான் ஒருக்கா முடிச்சுக் குடுக்கட்டா?" என்று கேட்டேன் ஒரு தடவை. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மாதம். சுண்டுவிரல் வீங்கிக்கொண்டே வந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். கன்ட்ரோலர் கட்டில்மேல் கிடந்தது. ஒரு யோசனை வந்தது. டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன், வலது பொத்தானை அமுக்கி, கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினேன். அரை நிமிஷ வேலை. கேமைப் போட்டுப் பார்த்தேன். பாலம் வந்ததும் நீலச் சட்டைக்காரனின் வலது கை தானாக மேலே போய் நின்றது. இடது கையை மட்டும் அவள் பார்த்துக்கொண்டால் போதும், விளையாடுவது அவள்தான், நான் ஒன்றும் முடித்துக் கொடுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்வரை பிரஸ் மெஷின் என் நினைவுக்கே வரவில்லை.

அவள் வந்தாள். காய்கறிப் பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, கட்டிலில் உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். வலது கை டேப்பில் பட்டது. எடுத்ததை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

"வலது பக்கம்" என்றாள்.

"அம்மணி, நான் அதைய நெனச்சுச் செய்யல..."

"அன்னைக்கும் நெனச்சுச் செய்யலீங்க."

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் குரல் ஏறவில்லை.

"அன்னைக்கு அமுக்குனது என்ற இடது கைதானுங்க. அதனாலதான் இத்தன நாளும் வாயத் தொறக்கல. என்ற கையே என்ற கையத் தின்னுபோடுச்சு, யாரைப் போயிக் கேக்கறதுன்னு இருந்துட்டேன். ஆனா ஒட்டுனது நீங்க. அது எனக்கு மறக்கல."

"தப்புத்தான் கண்ணு. நான்..."

"இருங்க, இன்னும் இருக்குது. வேனுக்குள்ள உங்களைத் தேடுனேன். நீங்க ஏறல. அப்பறம் வந்து இந்தக் கையப் புடிச்சுட்டு அழுதீங்க. உங்க நகத்துல கறுப்பா டேப்புப் பசை ஒட்டியிருந்துது. ஏன் நேரமாச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க."

நாலு வருஷம். தெரிந்துகொண்டே நாலு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை. டேப்பின் நுனியைப் பல்லால் கடித்து, இடது கையால் மூன்று சுற்றையும் பிரித்தாள். உருட்டி ஜன்னல் ஓரம் வைத்தாள்.

"இங்க வந்து உக்காருங்க" என்றாள்.

வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"இந்தப் பொத்தான் மேல உங்க வெரலை வைங்க. அன்னைக்கு நான் கத்துனேன், டேப்புக்குக் காது இல்ல. உங்களுக்கு இருக்குதல்லங்க? நான் உடுங்கன்னா உடோணும். எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"உடறேன்."

இரண்டு நிமிஷக் கதைப்படம் ஓடி முடிந்தது. பாலம் விரிசல் விட்டது. அவள் இடது பொத்தானை அமுக்க, நான் வலதை அமுக்கினேன். நீலச் சட்டைக்காரனின் இரண்டு கையும் மேலே போயின. திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. தாங்க ஆரம்பித்து ஐம்பது நொடி தாண்டியது, அவள் இதுவரை பார்க்காத இடம். என் விரல் மரத்துப்போயிற்று. இன்னும் இருபது. பத்து. அக்கரையில் ஒவ்வொரு கட்டிடமாக விளக்கு எரிய ஆரம்பித்தது. எட்டு மாதமாக அவள் காத்திருந்த பாதி நகரம் அது. ஐந்து. நாலு.

"உடுங்க" என்றாள்.

விட்டேன்.

பாலம் இடிந்து விழுந்தது. விளக்குகள் அணைந்தன, ஜனம் ஆற்றில் கொட்டியது. அவள் டிவியைப் பார்க்கவில்லை. பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்ற என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க" என்றாள் கடைசியில். "இப்ப வைங்க. இந்தத் தடவ தாண்டிப்போடலாம்."