அந்தோனியாரை இறக்க விடாத அருளப்பன்

எஹலியகொடைக்கு மேலே, ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்த அருளப்பனுக்குப் பாரிஸில் கைதட்டினார்கள் என்றால், அவனுடைய அக்கா ஏஞ்சலினுக்கே இன்னும் நம்ப முடியவில்லை. அவள் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். ஜாஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "பாட்டு ஒரு பக்கம் போகும், நம்ம தம்பி வேற பக்கம் போவான், கடைசியில ரெண்டும் ஒண்ணா வந்து சேரும்" என்பாள். அதற்குமேல் கேட்டால் கோபம் வரும்.

கோயில் பேண்டில் நசுங்கிப்போன ட்ரம்பெட்டை ஊதிப் பழகியவன்தான். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கல்யாணத்துக்கு ஊத ஆள் இல்லையென்று போனான். போனவனை அவர்கள் விடவில்லை. பிறகு சிங்கப்பூர், பாரிஸ், இன்னும் வாயில் நுழையாத ஊரெல்லாம். டிவியில் அவன் கன்னம் உப்பி ஊதும்போது லயமே ஏஞ்சலின் வீட்டில் குவிந்து, "அடேயப்பா, நம்ம பயலா இவன்!" என்று வாயைப் பிளக்கும்.

போன வருஷம் கொழும்பில் அவன் போன ஆட்டோ கவிழ்ந்தது. முன்பற்கள் போய்விட்டன. பல் போனால் ட்ரம்பெட்காரனின் உதட்டுக்குப் பிடிமானம் ஏது? பொய்ப்பல் கட்டி ஊதினான், வெறும் காற்றுத்தான் வந்தது. கச்சேரிகளை எல்லாம் விட்டுவிட்டு லயத்துக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

"இனி ஊத மாட்டேன் அக்கா. அத யாருக்காச்சும் குடுத்துருங்க."

ஏஞ்சலின் ட்ரம்பெட்டைத் துடைத்து அவன் தலைமாட்டிலேயே வைத்தாள். இவனிடமிருந்து அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தோனியார் திருநாளன்று மத்தியானம் போர்வையை உருவினாள்.

"எந்திரிடா! பாரிஸ்காரனுக்கு ஊதுவ, அந்தோனியாருக்கு ஊத மாட்டியா? சத்தம் வரலன்னா அவர்கிட்டயே சண்டை போடு!"

வந்தான். பவனியில் பேண்டோடு நடந்தான். வழியெல்லாம் காற்று, காற்று, காற்று. ஏஞ்சலின் செபமாலையை மறந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

கோயில் வாசலில் பேண்ட் ஓய்ந்தது. அந்தோனியார் சொரூபத்தைத் தோளில் சுமந்தவர்கள் இறக்கக் குனிந்தார்கள். அப்போதுதான் அவன் ட்ரம்பெட்டை உதட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, மிச்சமிருந்த ஓரப்பல்லில் அழுத்தி ஊதினான்.

வந்ததே ஒரு சத்தம்! அழுது ஓய்ந்த தொண்டை போலக் கரகரத்து, பிறகு எழும்பி, கூரைக்கு மேலே போனது. டிவியில் கேட்ட சத்தம் இல்லை இது. அம்மாடி, அதைவிடப் பெரிது. ஏஞ்சலினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரோட்டில் நின்ற சிங்களச் சனங்கள் "ஷா! ஷா!" என்று மெச்சினார்கள்.

ஆனால் அந்தத் தோட்டத்து வழக்கம், வாத்தியம் ஓயும்வரை சொரூபம் தரையில் படக்கூடாது. ஜாஸ்காரன் எப்போது நிறுத்துவான்? குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பவனி கோயிலை மறுபடி சுற்றியது. இன்னொரு தடவையும் சுற்றியது. அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டை எங்கெங்கோ கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தான்.

சுமந்தவர்களில் ஏஞ்சலினின் புருஷன் லோரன்ஸும் ஒருவன். கழுத்து நரம்பு புடைத்துக் கால் தள்ளாடியது. அவள் பக்கத்தில் ஓடினாள்.

"அய்யோ, தோளு போயிருங்க! தம்பிய நிறுத்தச் சொல்லவா?"

லோரன்ஸ் திரும்பிப் பார்த்தான். கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்திருந்தது.

"வாய மூடு புள்ள. அவன் ஊதட்டும். நாங்க தூக்குறோம்."