ஊசிக்கு ஏறாத ரத்தம்

டயாலிசிஸ் தொடங்கிய இரண்டாம் வருடம் எனக்கு ரத்தம் ஏறவே இல்லை. பந்தல்குடியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்காரர் தன் ஷேர் ஆட்டோவில் என்னை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ரத்தம் ஊற ஊசி, இரும்புச் சத்துக்குத் தனி மருந்து, இரண்டும் தவறாமல் போட்டார்கள். அளவைக் கூட்டியும் பார்த்தார்கள். டெஸ்ட்டில் ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டவில்லை. ஒரு ஜாக்கெட்டை வெட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்; மிஷினில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்றார்கள். பொட்டாசியம் கூடிவிடும் என்பதால் இரண்டுமே எனக்கு ஆகாது. நாத்தனார் ரத்தம் ஊறும் என்று ஆட்டு மண்ணீரலை, சுவரொட்டியை, வறுத்துக் கொண்டுவந்தாள். ஒரு துண்டு தின்றுவிட்டு மீதியை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினேன். அந்த மாதம் ரத்தம் ஏறியது அவருக்குத்தான்.

பிறகு புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். “எங்கயாவது புண்ணு, சீழு, வலி இருக்காம்மா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல மேடம். காய்ச்சல்கூட இல்ல.”

“டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு எதிர்ப்பு சக்தி பழையபடி இருக்காதும்மா. உள்ள சீழ் இருந்தாக்கூடக் காய்ச்சல் காட்டாமப் போகலாம். ஆனா உடம்பு எந்நேரமும் சண்டையிலயே இருக்கும். இருக்கிற இரும்பையும் பூட்டி வச்சுக்கிடும். அப்புறம் ஊசி எப்படிக் கேக்கும்?”

வாசலோரம் நின்ற என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். “மேடம், இவ கொஞ்ச நாளாவே வலது பக்கமாத்தான் மெல்லுறா. முறுக்கக்கூட டீயில நனைச்சுத்தான் திங்கிறா.”

எனக்கே அப்போதுதான் உறைத்தது. இடது கடைவாய்ப் பல் எப்போதோ ஒடிந்தது; வலி இல்லாததால் மறந்துபோனேன். நான் சாப்பிடுவதை இவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறாரா என்று சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் பல்லைப் பிடுங்கினார்கள். வேரடியில் சீழ் கட்டியிருந்தது. பிடுங்கிய கையோடு ஒன்றும் மாறிவிடவில்லை. புண் ஆறி, மாதங்கள் போகப் போகத்தான், அதே ஊசிக்கு ரத்தம் மெல்ல ஏறிப் பத்தைத் தொட்டது. “எல்லாருக்கும் பல்லோட முடியாதும்மா. சில பேருக்குக் காரணமே சிக்காது” என்றார் டாக்டரம்மா. பக்கத்துக் கட்டில்காரருக்கு இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டயாலிசிஸ் நிற்கப்போவதில்லை, தெரியும். ஆனால் இந்தப் பொங்கல் துணிகளை நானே நின்று வெட்டினேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் பூ வாங்கி வரச் சொன்னேன்.

“நீயே போயிட்டு வா. அதான் ஏறிருச்சுல்ல” என்றார்.

போனேன். லாரிகளுக்கு நின்று, ரோட்டைக் கடந்து, மல்லிகை வாங்கி, பூக்காரியோடு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு நடந்தே வந்தேன்.