கோப்பையை ஆட்டினால்

ஸ்டெல்லாவுக்குச் செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை. சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானபோது ஏஜென்ட் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. வளர்மதியை நம்பினாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வளர்மதி சவுதியில் வேலை பார்த்துவிட்டு வந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை போட்டிருந்தாள்.

கடை ஓய்ந்த மதியங்களில் அவள் சொல்லிக்கொடுத்தாள். வெளியே போனால் உடம்பை மூடும் கறுப்பு அபாயா, தலையில் முக்காடு. வீட்டுக்காரர் தனியாக இருக்கும் அறையில் நிற்கக் கூடாது. நோன்பு மாதத்தில் பகலில் பிறர் பார்க்கத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பெண்களைப் போட்டோ எடுக்கவே கூடாது. ஸ்டெல்லா தாலியில் கோத்திருந்த சிலுவையைத் தொட்டுக் காட்டினாள்.

“ஜாக்கெட்டுக்குள்ள போட்டுக்கடி. கழட்டவும் வேணாம், காட்டிக்கவும் வேணாம்.”

விருந்தாளிக்குக் காபி ஊற்றுவதை டீ கிளாஸ் வைத்து நடித்துக் காட்டினாள். இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பை. காலியானால் கேட்காமல் ஊற்ற வேண்டும். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டுவார்கள். அதற்குமேல் ஊற்றக் கூடாது.

வளர்மதியின் முன்கையில் ஒரு தழும்பு இருந்தது. எண்ணெய் பட்டது என்றாள். தான் இருந்த வீடு ஸ்டெல்லா போகும் ஊரில் அல்ல, வேறு ஊரில் என்றாள். கிளம்பும்போது தன் பழைய அபாயாவையும் கொடுத்தாள்.

அதை உடுத்திக்கொண்டுதான் ஸ்டெல்லா சவுதியில் வேலைக்குப் போன வீட்டு வாசலில் நின்றாள். உள்ளேயிருந்து ஒரு குழந்தை, “வளர்” என்று ஓடி வந்தது. முகத்தைப் பார்த்ததும் நின்றது.

“இன்னா?” என்றது, வளர்மதி கேட்பது மாதிரியே.

டிரைவர் மலையாளி. வளர்மதி லீவில் போனவள் என்றும், தான் திரும்பாவிட்டால் தங்கையை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துப் போனாள் என்றும் அவர்தான் சொன்னார். அந்தத் தங்கை என்றுதான் ஸ்டெல்லாவை வீட்டில் நினைத்திருந்தார்கள். வீட்டம்மா நல்லவள். அவளுடைய மாமியாருக்குப் புத்தி கலங்கியிருந்தது. குளிப்பாட்டப் போனால் கடித்தாள். ஸ்டெல்லாவின் முன்கையிலும் வளர்மதியின் தழும்பு வடிவத்திலேயே புண் வந்தது.

வளர்மதிக்குப் போன் செய்தாள்.

“நானே திரும்பிப் போயிருக்கணும்டி. முடியல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட.”

“போயிருப்பேன். தெரிஞ்சி போயிருப்பேன்.”

ஒப்பந்தம் முடியும்வரை இருந்தாள். முக்காடு, நோன்பு, கோப்பை என்று வளர்மதி சொன்ன ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறை சரியாக இருக்கும்போதும், இதையெல்லாம் சொன்னவள் அதை மட்டும் சொல்லவில்லையே என்று ஸ்டெல்லா நினைத்துக்கொண்டாள். புறப்படும் நாளில் வீட்டம்மா, உனக்கும் தங்கை இருப்பாளே என்று கேட்டாள். இல்லை என்றாள். ஊரில் அவளுக்குத் தங்கை இருக்கிறாள்.

செஞ்சியில் இறங்கியதும் வளர்மதி ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். ஸ்டெல்லா குடித்தாள். கிளாஸ் காலியானது. வளர்மதி கேட்காமலே மறுபடி ஊற்ற வந்தாள்.

ஸ்டெல்லா கிளாஸை லேசாக ஆட்டினாள்.

“இன்னாடி, எங்கிட்டயே ஆட்டிக் காட்ற?”

“நீதான சொல்லிக் குடுத்த.”

கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வல்லம் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.