நிலாவை நம்பிப் பந்தயம் வைத்த மீசை

"...அத்தாம் பெரிய கடலையே நிலா இழுக்குதாம், நம்ம ஏரி எம்மாத்திரம் சார்? அமாவாசை நடுப்பகல்ல நிலா தலைக்கு மேலதான் நிக்கும், வெயில்ல தெரியாது, அவ்ளோதான். அப்போ பிச்சாட்டூர் ஏரி ஒரு விரக்கடையாவது ஏறலேன்னா மீசையை எடுத்துடறேன்னு ஸ்டாண்டுல சொல்லிட்டேன்!"

புத்தூரில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவின் டிரைவர் அவர். ஒல்லியான மனிதர், உடம்பில் செழிப்பாக இருந்தது மீசை ஒன்றுதான். கியர் மாற்றும்போதெல்லாம் அதைத் தடவிக்கொள்வார்.

அன்றைக்கே அமாவாசை. பிச்சாட்டூரில் இறங்கியதும் நானும் அவரோடு ஏரிக்கரைக்குப் போனேன். காலையிலேயே தண்ணீரில் குச்சி நட்டு, மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். ஆட்டோக்காரர்கள் சுற்றி நின்றார்கள். உச்சிவேளை வந்தது, போனது. தண்ணீர் கோட்டை விட்டு நகரவில்லை.

"எருமையை எறக்கு மாமா, ஏறும்!" என்றான் ஒருவன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "கடல் உலகத்தையே சுத்திக்கினு கெடக்குது. நிலாவுக்குக் கிட்ட இருக்கிற தண்ணிக்கு இழுப்பு ஜாஸ்தி, எட்ட இருக்கிறதுக்குக் கம்மி. அந்த வித்தியாசத்துலதான் ஏறி எறங்குது. ஏரி சின்னது, முழுக்க ஒரே இழுப்பு. எங்கிருந்து தண்ணி வந்து ஏறும்?" என்றேன்.

"அப்போ நிலா இழுக்குறது நெசம்தானே சார்?"

"நெசம்தான்."

முகம் மலர்ந்துவிட்டது. நேரே சலூனுக்குப் போய் உட்கார்ந்தார். "அமாவாசையன்னிக்கு மீசையா?" என்று தயங்கிய சலூன்காரரை அடக்கினார். "ஏரி ஏறல, அதுக்குப் பாதி எடு. நிலா இழுக்குது, அந்தப் பாதி என்னுது."

பாதி மீசையோடு வெளியே வந்து, "புத்தூர், புத்தூர்!" என்று ஆள் கூப்பிட ஆரம்பித்தார்.