திரும்பி வரும் அம்புக்குறி

சின்னராசா மாஸ்டர் இறந்த செய்தி கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில் வந்தது. அவருடைய மருமகன் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். "சின்னராசா இன்று விடியற்காலை மாரடைப்பால் இறந்துவிட்டார். நாளை காலை பத்து மணிக்குக் கிரியை." சுற்றிவளைப்பு ஒன்றுமில்லை. நான் வாசித்து முடித்தும் மருமகன் போகவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

எங்கள் பக்கத்தில் சாவை இப்படி எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் "வருத்தம் கடுமை, உடனே வரவும்" என்றுதான் எழுதுவோம். வாசிப்பவர் தாங்கமாட்டார் என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தால் நான் என் மனைவியை இழக்கப் பார்த்தேன்.

மானிப்பாயில் ஒரு ரியூட்டரியில் நானும் சின்னராசா மாஸ்டரும் படிப்பித்தோம். நான் கணக்கு, அவர் தொடர்பாடல். சொல்பவர், செய்தி, அது போகும் வழி, கேட்பவர் என்று கரும்பலகையில் நான்கு பெட்டி கீறுவார். பிறகு கேட்பவரிடமிருந்து சொல்பவரிடம் திரும்பி வரும் ஓர் அம்புக்குறி. வாய் இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு பாடமா என்று நான் பகிடி பண்ணுவேன்.

"உந்த அம்புக்குறி இல்லாட்டி மிச்சமெல்லாம் வெறும் சத்தம், ஐசே" என்பார்.

யுத்தத்தால் தொலைபேசியும் பெற்றோலும் இல்லாத அந்த நாட்களில்தான் என் மகள் பிறந்தாள். என் மனைவி ராணிக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்குப் பொருந்தும் இரத்தம் புத்தூரில் இருந்த அவளுடைய அண்ணன்மார் இருவருக்கும் இருந்தது. "ராணிக்குக் கடுமை, உடனே வரவும்" என்று துண்டு எழுதி, அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்தேன். இரத்தம் என்ற சொல்லை எழுதவில்லை, மடையன். மத்தியானமாகியும் ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த மாஸ்டர், துண்டில் என்ன எழுதினீர் என்று கேட்டார். சொன்னதும் முகம் மாறியது. ஏசவில்லை, சைக்கிளைப் புத்தூர்ப் பக்கம் திருப்பினார்.

புத்தூரில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்களாம். அண்ணன்மார் பிரேதத்தை ஏற்றிவர வாகனம் தேடி அலைந்து, வெறுங்கையோடு அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். மாஸ்டர் முற்றத்தில் நின்று, துண்டில் என்ன விளங்கினது என்று கேட்டிருக்கிறார். தங்கச்சி போயிட்டாள் என்றார்களாம்.

"உயிரோடை இருக்கிறாள். உங்கடை இரத்தம் வேணும். இப்ப நான் என்ன சொன்னனான்? திருப்பிச் சொல்லுங்கோ."

மூத்தவர் அழுதழுது திருப்பிச் சொன்னார். அவர் முடிக்க முன்னமே இளையவர் சைக்கிளில் ஏறிவிட்டார். ராணி பிழைத்தாள். மகளுக்கு இப்போது மூன்று வயது, வாய் ஓய்வதில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான். கணக்குச் செய்து காட்டிவிட்டு, "விளங்கினதோ" என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. "என்ன விளங்கினது" என்று கேட்கிறேன்.

மருமகன் வாசலில் காத்து நின்றதும் அதற்குத்தான்.

"நேரா எழுதிக் குடுத்திட்டுக் கேக்கச் சொல்லி மாமா முந்தியே சொல்லி வைச்சவர்," என்று தயங்கினார். "உங்களுக்கு என்ன விளங்கினது?"

"சின்னராசா செத்துப்போனார்" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

ராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, என்ன விஷயம் என்று கேட்டாள். அவளுக்கும் நேராகவே சொன்னேன்.