சங்கு அடிக்காத பிற்பகல்

வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மழை கனத்தால் கீழ் லயத்து வீட்டு வரிசையில் இருப்பவர்கள் யாரும் சொல்வதற்குக் காத்திராமல் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஏறிவிடுவார்கள். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டடம் மேட்டில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவன் நான்.

கணினி படித்த பெருமை தலைக்கேறி, மண் நகர்ந்தால் அபாயச் சங்கு அடிக்கும் பெட்டியொன்றைச் செய்து அந்தக் கட்டடத்தில் மாட்டி, லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவுக்குக் கம்பி இழுத்தேன். நிரலை இரண்டு துண்டாக எழுதினேன். ஒன்று மண்ணின் அசைவை அளந்து அனுப்பும். மற்றது அதை வாங்கிச் சங்கை அடிக்கும். வாங்கும் துண்டு, வந்த தகவல் தனக்குத் தெரிந்த வகைதானா என்று ஓடும்போதே சரிபார்க்கும். வகையின் பெயரைப் பார்க்காது. அதன் விவரம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கும்.

மடிக்கணினியில் இரண்டையும் ஒன்றாகத் தொகுத்துச் சோதித்தேன். ஒரே விவரம், ஒரே இடம், சங்கு அலறியது. பெட்டியில் தனித்தனியாக ஏற்றியபோது அந்த விவரம் துண்டுக்கொரு பிரதி ஆகிவிட்டது. அதே வகைதான், இடம் மட்டும் வேறு. இடம் பொருந்தாவிட்டால் செய்தியைப் பதிவில் குறித்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிவிடு என்று எழுதியிருந்தேன், மகா புத்திசாலி. மாட்டிய அன்று பொத்தானை அமுக்கிச் சங்கை மட்டும் அடித்துக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மழை மூன்றாம் நாளும் விடவில்லை. கீழ் லயத்து அக்கா பாயைச் சுருட்டியிருக்கிறார். அவருடைய ஒரே மகள், "சங்கு இன்னும் அடிக்கலம்மா, சோறு ஆக்கிட்டே போவோம்" என்றாளாம். அக்கா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போன நேரத்தில் பின்னாலிருந்த சரிவு இடிந்து லயத்தை மூடிவிட்டது. மகள் உள்ளே இருந்தாள்.

பெட்டியைக் கழற்றி வந்து பதிவைத் திறந்தேன். மண் நகர்கிற செய்தி அரை மணி நேரம் முன்பிருந்தே அடுத்தடுத்து வந்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வகை வேறு' என்றிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா வந்தார். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ என்னா தம்பி செய்வ? இந்த மழைக்கு மெசினு என்னா பண்ணும்? பொட்டிய மறுபடி மாட்டிரு. மத்த புள்ளைங்களாவது இருக்கட்டும்."

பெயரை ஒப்பிடும்படி மாற்றினேன். திருத்தம் ஒரே வரி.

வருகிறவர்களிடமெல்லாம் அக்கா என்னைக் காட்டி, "நம்ம சனம் பொழைக்கணும்னு மெனக்கெட்ட புள்ள" என்கிறார். நான் இதுவரை மறுக்கவில்லை.